ழ இல்லாத பெயர்

பதுளை மறியலில் எனக்குச் சிங்கள எழுத்துச் சொல்லித் தந்தவன்
கள்ளக் கையெழுத்துப் போட்டு உள்ளே வந்தவன்.
திலகசிறி. என்னைவிட ஒன்பது வயது இளையவன்.
"யாருடைய கையெழுத்தும் எனக்கு வரும்,
உனக்கு உன்னுடையதாவது வர வேண்டாமா" என்பான்.
தமிழ் எழுத்து, ஞாயிறுகளில் வரும் சிஸ்டரிடம்.

பனி கம்பிக்குள்ளால் வந்து கரும்பலகையை நனைக்கும்.
வெண்கட்டி பிடிக்காது.
அவன் எழுத்தெல்லாம் உருண்டை.
கவ்வாத்துக் கத்தி பிடித்த கைக்குச்
சாய்வாக இழுக்கத்தான் தெரியும்.
முதல் மாதம் தாளெல்லாம் கிழிந்தது.

பதினான்காம் மாதம்
என் வாக்குமூலத்தின் பிரதியைக் கேட்டு வாங்கினேன்.
விரல் வைத்த நாளில் அது
எறும்பு ஊர்ந்த தாள்.

முதலில் என் பெயர்.
அலகமுத்து என்று இருந்தது.
அவர்கள் மொழியில் ழ இல்லை,
அதற்கு யாரையும் கோபிக்க முடியாது.

ஒரு பக்கத்தை இரண்டு நாள் வாசித்தேன்,
அதே விரலை வைத்து.
வெட்டினேன் என்று இருந்தது. வெட்டினேன்.
குடித்திருந்தேன் என்று இருந்தது. ஆமாம்.
வீட்டுக்குப் போய்க் கத்தி எடுத்து வந்தேன் என்று இருந்தது.
இல்லை.
மலையில் வேலை முடிந்து இறங்கிய கையில் இருந்த கத்தி அது.

திலகசிறிக்குக் காட்டினேன்.
ஒன்றும் சொல்லாமல்
வெண்கட்டியை உடைத்துக்கொண்டிருந்தான்.

அதுவரை மொத்தமும் பொய் என்றே சொல்லித் திரிந்தேன்.
வாசித்த பிறகு வாய் வரவில்லை.
ஒரு வரி அவர்களுடையது.
மற்றதெல்லாம் நான்.

வெளியே வந்த அன்று
மேக்கணக்கு லயத்தில் என்னைக் கண்டு
கோழியைக் கூடைக்குள் அடைத்தார்கள்.
அதே வீட்டிலிருந்து மறுவாரம்
கந்தோர்க் கடிதம் வந்தது, வாசித்துச் சொல்லட்டாம்.
வாசலில் நின்றே வாசித்தேன்.
தேத்தண்ணி வெளியே வந்தது.

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி செபமாலை வந்தான்.
சேமலாபக் காசுக்குப் படிவம்.
"இடது பெருவிரல் வைக்கச் சொல்றான்,
இல்லாட்டிக் கையெழுத்தாம்" என்றான்,
கையைக் கொங்காணிச் சாக்குக்குள்ளிருந்து எடுக்காமல்.
அந்த விரல் எங்கே போனது என்று
எங்கள் இருவருக்கும் தெரியும்.

அவன் உட்காரவில்லை.
பெயரைப் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.
"வாயில பிந்தி வர்ற கொம்பு
எழுத்தில ஏன் முந்தி நிக்குது?"
எனக்கும் தெரியவில்லை.

நாளைக்கு வருவதாகச் சொல்லவில்லை.
பென்சிலை மட்டும்
கேட்காமல் எடுத்துப்போனான்.