வச்சிரம்

களியக்காவிளை சோதனைச் சாவடிக்கு
இருநூறு அடி இப்பால் என் மேசை.
சன்னலோரம் வைத்தால் கைப்பேசிக்குக் கேரளம்,
உளிப்பெட்டி மேல் வைத்தால் தமிழ்நாடு.
கிட்டாருக்கு இரண்டும் ஒன்றுதான்:
இடவப்பாதி பிறந்தால் வயிறு உப்பும்.

இதைக் கொண்டுவந்தவர் அனிசிட்டஸ்.
பாறசாலையில் டயர் கடை.
உரச்சாக்கில் சுற்றியிருந்தார்.
கல்கத்தாவில் செய்தது, அறுபத்தெட்டோ ஒன்பதோ,
உள்ளே ஒட்டிய சீட்டில்
ஆண்டை மட்டும் கரப்பான் தின்றிருக்கிறது.
"அடுத்த திங்கள் மகளுக்கு மனசம்மதம்,
அதுக்குள்ள இதுக்கொரு சத்தம் வேணும்."

விளக்கைத் தாழ்த்திப் பார்த்தேன்.
தந்தி தாங்கும் பாலம் பின்பக்கம் கிளம்பியிருந்தது.
அதைப் பிடித்து நிறுத்தப்
பித்தளைத் திருகாணி இரண்டு,
கதவுக் கொண்டிக்கு முடுக்குவது.
சுற்றிலும் அரால்டைட்,
சீழ் கட்டினதுபோல் மஞ்சளாக.

எவன் செய்த வேலை இது என்று
வாய்விட்டே வைதேன்.
முக்காலியைக் கொடுத்தால்
நாலாவது கால் வைக்கிற கை என்றேன்.
அனிசிட்டஸ் சிரித்தார்.
இன்னும் இரண்டு சொன்னேன்,
அவை இங்கே வேண்டாம்.

பிறகு மூன்று நாள்
தேய்ப்புப்பெட்டி, ஈரத்துணி, மழுங்கின கத்தி.
அரால்டைட் விடாது.
விட்டாலும் மரத்தின் தோலைப் பிய்த்துக்கொண்டுதான் விடும்.
வச்சிரம் அப்படியல்ல.
பேர்தான் வச்சிரம்.
மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுத்த பசை,
நாற்பது வருடம் பிடித்திருக்கும்,
ஒரு கெண்டி நீராவி காட்டினால்
சரி என்று கையை எடுத்துக்கொள்ளும்.

நாலாம் நாள்
பல் டாக்டரின் கண்ணாடியை ஒலித்துளைக்குள் விட்டேன்,
உள்சட்டம் எங்கே விட்டிருக்கிறதென்று பார்க்க.
பென்சில் எழுத்து, இடவலம் மாறி:
ஜெஸிந்தா. 14.7.2003.
கீழே ஒரு கோடு வேறு,
கையெழுத்து கேட்டு யாரோ வரிசையில் நின்றதுபோல.

இருபத்திரண்டு வயது அப்போது.
வச்சிரம் காய்ச்ச அடுப்பு இல்லை, பொறுமையும் இல்லை.
திருகாணிகள்
எங்கள் வீட்டுக் குளிமுறிக் கதவில் கழற்றியவை.
அந்தக் கதவு பிறகு ஒரு மாதம் சாத்தவில்லை.
அதற்கும் வேறு யாரையோதான் திட்டினேன்.

துளைகளில் ஈட்டிமரச் சீவல் அடைத்து
வச்சிரம் தடவிப் பாலத்தை அமர்த்தினேன்.
மழை விடவில்லை.
கவ்விகளோடு இரண்டு இரவு
நூறு வாட் பல்பின் அடியில் கிடந்தது.
எழுத்தை அழிக்கலாமென்று ரப்பர் எடுத்தேன்.
அன்று உள்ளே எட்டிய கை
இன்று முழங்கைக்கு முன்னாலேயே இறுகி நின்றது.

ஞாயிறு மாலை அனிசிட்டஸ் வந்தார்.
ஒரு தந்தியை மட்டும் தட்டி,
அது அடங்குகிறவரை வாய் திறக்காமல் இருந்தார்.
"முன்ன செய்தது ஆராக்கும், தெரிஞ்சுதா?"
"தெரிஞ்ச ஆள்தான்."
கூலியில் நானூறு குறைத்துச் சொன்னேன்.
என்னத்துக்கு என்றார்.
திருகாணி ரெண்டும் எனக்கு வேணும் என்றேன்.

"எடுத்துக்கிடுங்க,
பித்தளைக்கு இப்பம் நல்ல விலை."