ஆம் விகுதி

பேர்ன் ஆஸ்பத்திரியில் காலை ஏழுக்கு
ரெகுலா வருவாள்.
என்ன கிழமை? எந்த ஊர்?
யன்னல் நிறையப் பனிமலை.
வவுனியா என்றேன்.
முகம் மாறாமல் எழுதிக்கொண்டாள்.

ஜெயரூபனை
வீடு பார்க்க வந்த ஆள் என்று
வாடகை சொன்னேனாம்.
குறைக்கச் சொல்லிக் கேட்டாராம்.
மறுத்தேனாம்.
பிறகு அவர் வாசலில் நின்று அழுதாராம்.
என் சித்திரை மாதம் முழுக்க
இந்த 'ஆம்' விகுதியில்தான் கிடக்கிறது.

கம்பியில் போத்தல்.
ஆயிரம் பேர் கொடுத்த இரத்தத்தில் பிரித்தெடுத்ததாம்.
என் இரத்தம் என் மூளையை
ஆரோ எவரோ என்று கடிக்க,
ஆரோ எவரோவின் இரத்தம்
விலக்குப்பிடிக்க வந்திருக்கிறது.

பிள்ளைக்கும் போகுமா?
கொஞ்சம் போகும் என்றார் டொக்டர்.
எது, மருந்தா, சண்டையா?
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
இரண்டும்.

கணக்குப் பார்க்கிறார்கள் எனக்கு மேலே:
இவளுக்கு எவ்வளவு, அதற்கு எவ்வளவு.
என் கை நடுங்கி
தேத்தண்ணி போர்வையில்.

இன்று காலை
விலாவுக்குக் கீழே ஒரு குதிக்கால்.
உதைத்ததாம் இல்லை.
உதைத்தது.

என்ன கிழமை?
இருபத்தெட்டாம் கிழமை என்றேன்.

ரெகுலா சிரித்தாள்,
பேனையை மூடவில்லை.

ஊர்?