பதினோராவது கட்டம்

“நோயாளியுடன் கலந்து பேசப்பட்டது.”
படிவத்தில் பதினோராவது கட்டம்.
நான் அதில் டிக் அடித்தது நடைவழியில்,
காப்பி இயந்திரத்தின் மேல் தாளை வைத்து.

உள்ளே ஹில்யா காலுறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.
எண்பத்தேழு வயது. இடுப்பில் புது எஃகு.

ஏற்பாடெல்லாம் முடிந்திருந்தது:
செவ்வாய் பத்து மணிக்கு டாக்சி,
வாசலுக்குச் சரிவுப்பலகை, கழிப்பறையில் கைப்பிடி.
மகன் எஸ்கோ ஹெல்சிங்கியிலிருந்து போனிலேயே
மாடிக் கட்டிலைக் கீழே இறக்க ஆள் பிடித்துவிட்டான்.
இந்தக் கட்டிலுக்கோ
அவசரப் பிரிவில் ஒருவர் தள்ளுவண்டியில் காத்திருந்தார்;
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

“வீட்டுக்குப் போகப்போறீங்க!” என்றேன்,
கேக்கை நீட்டுகிற குரலில்.

அவர் கையை நீட்டினார்.
என்னைத் தொடத்தான் என்று நினைத்தேன்.
தாளுக்கு.

மூன்று மணிக்கே இருட்டிவிடும் குவோப்பியோ நவம்பரில்
விளக்கடியில் சாய்த்துப் பிடித்து வரிவரியாகப் படித்தார்.
பதினொன்றில் விரல் நின்றது.

“இந்தப் பேச்சு நடந்தப்போ
நான் எங்கே இருந்தேன்?”

கோபமில்லை.
ரயில்வேயில் முப்பத்தோரு வருடம் சரக்குக் கணக்கு பார்த்தவர்.
வந்து சேராத பெட்டிக்குக் கையெழுத்துப் போடமாட்டார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
மூன்று வாரத்தில் அந்த அறையில்
நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“வீடு பயமாயிருக்கு” என்றார்.
விழுந்த அன்று பதினாறு மணி நேரம்
சமையலறைத் தரையில்.
மேசையின் அடிப்பக்கம் ஒட்டியிருந்த தொழிற்சாலைச் சீட்டு
எழுத்து எழுத்தாய் மனப்பாடம்.
“எஸ்கோவுக்கு ரெண்டு மணி நேரம்னு சொல்லியிருக்கேன்.
நீங்களும் அப்படியே வச்சுக்குங்க.”

பிறகு, ஜன்னலைப் பார்த்து:
“நடக்கக் கத்துக்கொடுத்தீங்க. சரி.
விழுந்தா எழுந்திருக்கக் கத்துக்கொடுங்க.
அப்புறம் தேதியை நான் சொல்றேன்.”

பேனாவால் போட்ட டிக். அழியாது.
குறுக்கே கோடிட்டு ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தேன்.
மருத்துவர் புருவத்தை உயர்த்தினார்; தேதியைத் தள்ளி வைத்தார்.
தள்ளுவண்டிக்காரருக்கு இன்னும் இரண்டு இரவு தள்ளுவண்டிதான்.
அவர் பெயரை நான் கேட்டுவைக்கவில்லை.

மறுநாள் நீலப் பாய் விரித்து
அவரோடு நானும் தரையில் கிடந்தேன்.
ஒருக்களி. முழங்கை. முழங்கால்.
கட்டில் விளிம்பு எட்டவில்லை. மறுபடி.
நான்காம் முறை மூச்சு வாங்க அப்படியே படுத்தவர்
கட்டிலுக்கு அடியில் எட்டிப்பார்த்தார்.

“இங்கேயும் ஒரு சீட்டு.”

படிங்க என்றேன்.
கண்ணாடியைக் கேட்டார்.