கடலோரம் நீங்கலாக

வேதாளையில் எங்கள் பாசிக் கிட்டங்கிக்கு மொட்டைக் கூரை.
மேலே தார்.
கட்டியது ஐஸ் கம்பெனி என்கிறார்கள்,
உப்புக்காரர் என்றும் சொல்கிறார்கள்.
குத்தகைப் பத்திரத்தில் ‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதி
ஐந்து பேர் கையெழுத்து, பூமயில் கைநாட்டு.

உள்ளது உள்ளபடி என்றால்:
சித்திரையில் தார் கொப்புளித்து
செருப்போடு ஒட்டிக்கொண்டு ஏணி இறங்கி வரும்.
ஐப்பசியில் வெடிப்பு வழியே சொட்டும்.
காயவைத்துக் கட்டிய கஞ்சிப்பாசி
மூட்டைக்குள் மறுபடி கடலை நினைத்துக்கொள்ளும்.

போன வருஷம் முப்பத்தெட்டு மூட்டை போயிற்று.
கணக்கு எழுதுகிறவள் நான்,
அதனால் கூரையும் என் தலையில்.

மதுரையிலிருந்து ரெங்கராஜ் வந்தார்,
பைக்கில் நாலு டப்பா, வாயில் நாற்பது வருஷ உத்தரவாதம்.
எதையும் நம்பவில்லை. பாய் அகலத்துக்கு
நாலு கட்டம் பூசச் சொன்னேன், பங்குனியில்:
பழைய தாரின் மேல் புதுத் தார்,
வெள்ளி நிற அலுமினியம்,
வெள்ளை அக்ரிலிக்,
அப்புறம் விலையைக் கேட்டதும்
களஞ்சியம் உட்கார்ந்துவிட்ட சிலிகான்.
ஒரு வருஷம் பார்ப்போம், அதுவரை தார்ப்பாய்.

அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் இரண்டு மணிக்கு
வெறுங்காலோடு ஏறினேன்.
தாரில் ஒன்று என்று எண்ணுவதற்குள் குதித்தேன்.
வெள்ளியில் ஏழு.
வெள்ளையில் நின்றுகொண்டே
பூமயிலோடு சீட்டுப் பணம் பேசி முடித்தேன்,
கண்தான் கூசியது.

ஆனியில் கச்சான் எழுந்தது.
மணலை அள்ளி அள்ளித் தேய்த்ததில்
வெள்ளி, நாள்பட்ட சாளை மாதிரி மங்கிப்போனது.
சிலிகான் அசையவில்லை, ஆனால்
ஊர்ப் புழுதி மொத்தமும் அதில் குடியேறியது.

மழைக்கு முன்னால், கடைசி உத்தேசமாக,
எட்டுக் குடம் தண்ணீரைக் கூரையில் கொட்டினோம்.
ஓடவில்லை. வடமேற்கு மூலையில் படுத்துக்கொண்டது.
ஓரத்தைச் சாக்பீஸால் வரைந்தபோது
அப்படியே பாம்பன் தீவு,
தனுஷ்கோடி வால் உட்பட.
நல்ல பிள்ளையான வெள்ளைக் கட்டம்
பாதி அந்தத் தீவுக்குள் கிடந்தது.
கார்த்திகையில் அந்தப் பாதி
நனைந்த அப்பளமாய் உரிந்தது.

உத்தரவாதம் இருக்கிறதே என்று
டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தேன்.
அடியில், எறும்பு போகிற மாதிரி எழுத்து:
கடலிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் பொருந்தாது.
மற்ற மூன்றையும் திருப்பினேன்.
அதே எறும்பு.

கிட்டங்கி வாசலிலிருந்து அலை
நூற்றுப் பதினெட்டு எட்டு.
மீன்காரர், பாசிக்காரர், பள்ளிக்கூடம், தபாலாபீஸ்,
பள்ளிவாசல், மாதா கோயில், என் வீடு
எல்லாமே ஐந்து கிலோமீட்டருக்குள்.
போனில் கேட்டேன்.
ரெங்கராஜ் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு,
“கொஞ்சம் உள்ள தள்ளிக் கட்டியிருக்கலாம் மேடம்.”

தை பிறந்து கூட்டம் போட்டோம்.
யாரும் உத்தரவாதத்தைப் பற்றிப் பேசவில்லை.
மூலையை உடைத்து, சரிவு கொடுத்து, தண்ணீருக்குக் குழாய்.
அந்த மூலைக்கு மட்டும் சிலிகான், பணம் போதும் அளவுக்கு.
மீதிக்கு வெள்ளை, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை.
அதற்கு ஆளுக்கு மாதம் முப்பது ரூபாய் தனி உண்டியல்.
இன்னாசிமுத்து பூச வந்தான்,
கூலியில் பாதியைக் கருவாடாகக் கேட்டான்.

களஞ்சியம் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.
தாரில் விரிப்புப் போட்டால்
மரிக்கொழுந்து ஒரே நாளில் காய்கிறதாம்.
வாக்கெடுப்பில் அவள் பக்கம் ஒரே கை.
இருந்தாலும் ஒரு பாய் அளவுக்கு
கறுப்பை அப்படியே விட்டோம்.

இப்போது கடலிலிருந்து பார்த்தால்
கூரை கண்ணில் அடிக்கிறதாம், படகுக்காரர்கள் திட்டுகிறார்கள்.
மாசிப் பொழுது சாய்ந்ததும்
எங்கிருந்தோ ஒரு பூனை ஏறி வந்து
அவ்வளவு பெரிய வெள்ளையைத் தாண்டி நடந்து
களஞ்சியத்தின் கறுப்பில் சுருண்டு படுக்கிறது.

கணக்கில் அதற்குத் தலைப்பு இல்லை.
‘இதர’ என்று போட்டிருக்கிறேன்.