ஏலப்பொருள் 212: மேலங்கி, ஒன்று

டாலஸில் ஒரு குளிரூட்டிய அறை.
மேசைமேல் ஆளில்லாமல்
விரிந்து கிடக்கிறார்
மிஸ்டர் நாற்பத்தெட்டு.
முதுகில் மாநிலத்துக்கொன்றாய் நட்சத்திரம்.

வாங்க நினைப்பவர்
டுலூத்திலிருந்து போனில் கத்துகிறார்:
"போலி! நம்மாள் சிவப்பு, நீலம்.
இது காப்பிக் கறை மாதிரி இருக்கிறது."

ஐயா, பொறுங்கள்.
தீர விசாரிப்பதுதான் என் பிழைப்பு.

முதலில் அவர் வெறும் புள்ளிகள்.
நாற்பத்தொன்றில், பத்து செண்ட்,
மட்டக் காகிதத்தில் சிவப்புப் புள்ளி, நீலப் புள்ளி.
அச்சு ஒரு நூலிழை விலகினால்
உதட்டுக்கு வெளியே சிரித்தார்.
வரைந்தவர் ஐஸடோர் ப்ளாட்னிக்,
பிரிட்ஜ்போர்ட் தையல்காரர் ஒருவரின் மகன்.
அதனால்தான் தோள்மூட்டில்
ஒரு மடிப்பு விட்டிருப்பார்,
கை ஓங்கிக் குத்த வசதியாக.

யாரைக் குத்தினார் என்பதையும்
நான் எழுத வேண்டும்.
ஏழாம் இதழ், அட்டை:
மஞ்சள் மையைக் கொட்டிய முகங்கள்,
கோரைப்பல், கோடாய்க் கண்.
அந்த மஞ்சள் மட்டும்
எண்பது ஆண்டாக மங்கவேயில்லை.

பிறகு வானொலி. மாலை ஐந்தேகால்.
கொடி பறப்பதை
எப்படிக் கேட்கவைப்பது?
நனைத்த படுக்கைவிரிப்பை
மைக் முன்னால் உதறினார்கள்.
குரல் வெண்டல் ஓக்ரே; அவருக்கு ஆஸ்துமா.
வசனத்துக்கு நடுவே அவர் இழுத்த மூச்சை
வீரத்தின் மூச்சென்று நம்பி
சிகாகோ தெருக்களில் பிள்ளைகள்
இழுத்து இழுத்து ஓடினார்கள்.

நாற்பத்துநான்கில் சினிமா.
பதினைந்து வாரம், வாரத்துக்கொரு பாறை விளிம்பு.
கறுப்புவெள்ளை ஃபிலிமில்
சிவப்பும் நீலமும் ஒரே இருட்டாய் விழ,
கோடுகளைப் பழுப்பில் தைத்தார்கள்,
வெள்ளையைச் சாம்பலில்.
திரையில்தான் அது கொடி.
டுலூத்காரரே, கேட்கிறதா?
அசல் என்பதால்தான் நிறம் தப்பு.

போர் முடிந்ததும் அவருக்கு வேலை போயிற்று.
ஒஹாயோவில் ஒரு பள்ளி மைதானத்தில்
குவித்து எரித்தார்கள்,
பிள்ளைகளைக் கெடுக்கிறாராம்.
"அட்டையில் கொடி இருக்கிறதே" என்றார்
ஒரு தீயணைப்புக்காரர்.
அட்டைகளைக் கிழித்து எடுத்துக்கொண்டு
மற்றதை எரித்தார்கள்.

தொலைக்காட்சிக்கு வந்தபோது காசில்லை;
அதே பழைய அங்கி.
ஐம்பத்தொன்பது ஜனவரியில் அலாஸ்கா சேர,
ஒரே இரவில் பேரே தப்பாகிப்போனது.
தயாரிப்பாளர்கள் மூன்று நாள் கூடிப் பேசி
நட்சத்திரத்தைக் கூட்டினார்கள்,
பேரை விட்டுவிட்டார்கள்.
ஜூனில் தொடரே நின்றது.

இப்போது எண்ணுகிறேன், ஊசிமுனையால், வரிசையாய்.
நாற்பத்தொன்பது இருக்க வேண்டும்.

ஐம்பது.

கடைசி ஒன்று வேறு நூல், வேறு கை.
ஹவாய் சேர்ந்தது ஆகஸ்டில்.
அப்போது படப்பிடிப்பு இல்லை, கேமரா இல்லை,
தைக்கச் சொன்னவர் யாருமில்லை.
உடைக்கிடங்கின் கூலிப் பதிவேட்டில்
அந்த மாதம் ஒரே ஒரு பெயர்:
ஃபுமியே ஹமாசாகி.
பிறந்த ஊர், ஹிலோ.

ஏழாம் இதழை
மறுபடி எடுத்துப் பார்த்தேன்.
மூடினேன்.

புதுப் படத்தில் அங்கியே கிடையாது.
நடிகர் சாம்பல் சட்டையில் நிற்கிறார்,
மேலெல்லாம் வெள்ளைப் புள்ளிகள்.
கொடியைக் கணினி பிற்பாடு உடுத்திவிடும்.

டுலூத்காரர் திரும்ப அழைக்கிறார், குழைவாக:
"அசல்தான், ஒத்துக்கொள்கிறேன்.
ஆனால் அந்த ஐம்பதாவது
திரையில் வரவே இல்லையே.
பிரித்துவிட்டால் நல்ல விலை தருவேன்."

ஆறு நிமிட வேலை. சின்னக் கத்தரி போதும்.
விளக்கை இழுத்து, குனிந்து
முடிச்சைத் தேடினேன்.
முடிச்சே இல்லை.
நூலைத் துணிக்குள்ளேயே
திருப்பித் திருப்பி ஓட்டி
ஒளித்திருக்கிறாள்.

அட்டவணையில் எழுதினேன்.
நட்சத்திரங்கள்: ஐம்பது.
நிலை: உறுதி.