வாரம் முப்பது நிமிடம்

நூலகத்தில் கூட்டம். கிடைத்தவை
முதல் வகுப்புப் பிள்ளைகளின் நாற்காலிகள்.
முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தேன்.
எதிரே ஏழு பேருக்கும் அதே நாற்காலிதான்,
அவர்களுக்குப் பழகியிருந்தது.
மேசை நடுவே டிஷ்யூ பெட்டி.
யாரோ அதை மெல்ல மார்செல் பக்கம் தள்ளினார்கள்.
கூட்டம் இன்னும் தொடங்கவே இல்லை.

நாற்பத்திரண்டு பக்கம், எங்கள் மகளைப் பற்றி.
பதினோராம் பக்கத்தில் ஓடீலைக் காணோம்.
அங்கே வேறு யாரோ ஒரு பையன்:
'அவன்', 'அவனுக்கு', மறுபடி 'அவன்'.
மார்செல் பென்சிலால் வட்டமிட்டாள்.
உருளைக்கிழங்கு ஆலையில் இரவுப் பணி முடித்து
தூங்காமல் வந்தவள்.
சட்டப் பிரிவுகளையும் கிழங்கு போலத்தான்
அழுகல், வடு, தேறும் என்று
சமையலறை மேசையில் தரம் பிரித்துக் கற்றாள்.

"பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை"
என்றார் உளவியலாளர்.
உண்மைதான்.
ஆனால் விடிகாலை நாலரைக்கு
என் பனி அள்ளும் வண்டி தெருமுனைக்கு வரும்போதே
அவள் நெற்றி ஜன்னலில் ஒட்டியிருக்கும்.
ஊரில் ஆறு வண்டிகள். மற்ற ஐந்துக்கு அவள் எழுவதில்லை.
இதற்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டேன்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பேச்சுப் பயிற்சி இனி அறுபது அல்ல, முப்பது நிமிடம்.
அதுவே போதுமானது என்றார் மேற்பார்வையாளர்.
கெட்டவர் இல்லை. கோட்டின் கையில் நூல் பிரிந்திருந்தது.
மெய்ன் மாநிலத்தின் இந்த வடகோடியில்
நான்கு பள்ளிகளுக்கு ஒரே ஒரு பயிற்சியாளர்.
அதை அவர் சொல்லக் கூடாது. சொல்லவில்லை.

முப்பது நிமிடம் எனக்குத் தெரியும்.
உப்புக் கிடங்கிலிருந்து ஆற்றுப் பாலம்வரை.
திரும்பிப் பார்த்தால்
வாரிய தடத்தில் மறுபடி வெள்ளை.

மார்செல் தலை நிமிராமல் சொன்னாள்:
"போதும் என்று சொல்ல வேண்டியது சாப்பிடுகிறவள்.
பரிமாறுகிறவர் இல்லை."
யாரும் எழுதவில்லை.
"குறிப்பில் சேருங்கள்" என்றாள்.
எழுதி முடிக்கும்வரை
அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையெழுத்துக்கு ஒரு கோடு, அருகில் மஞ்சள் அம்புக்குறி.
பேனாவை என்னிடம் நீட்டினார்கள்.
கூட்டங்களில் பேசாதவன் நான், நீட்டினால் வாங்கிவிடுவேன்
என்று மார்செல் பயந்தது தெரிந்தது.
வாங்கத்தான் செய்தேன்.
மூடியைப் போட்டு
அவர்கள் பக்கமே வைத்தேன்.

நாலேகாலுக்கே இருட்டிவிட்டது.
அத்தை வீட்டில் ஓடீலை ஏற்றிக்கொண்டோம்.
பின்னிருக்கையில், மடியில் பேசும் பலகை.
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
ஒரு படத்தைத் தேடி அழுத்துகிறாள்.
இன்னும்.
பிஸ்கட்டைத்தான் கேட்கிறாள்.
மார்செல் ஒன்று எடுத்துக் கொடுக்கிறாள்.
இன்னும்.
வைப்பர் ஒதுக்க ஒதுக்க விழுகிறது பனி.
இன்னும்.
"பதினேழாம் தேதி கேட்டிருக்கிறேன்" என்கிறாள் மார்செல்,
காலிப் பொட்டலத்தை மடித்தபடி.