பின்னால் போகும் கை

பெட்டிக்குள் இரண்டு குச்சிகள்,
இரண்டு வார்கள், நாலு ரப்பர் குளம்புகள்.
வடக்கே எங்கோ ஒரு தேசத்தில்
பனி உருகிப்போன மாதங்களில்
சறுக்க முடியாதவர்கள் நடந்த நடையாம்.
எங்களுக்குப் பனி என்பது
மார்கழியில் ஸ்கூட்டர் சீட்டில் துடைப்பது.

பெரம்பூர் முன்பதிவு மையம், நான்காவது ஜன்னல்.
பத்தொன்பது வருடம் உட்கார்ந்ததற்கு
முட்டி அனுப்பிய பில் இது.
எக்ஸ்ரேவை ட்யூப்லைட்டில் தூக்கிப் பிடித்து
பிஸியோ பிலோமினா சொன்னாள்:
"ஓடாதீங்க. நடங்க. ஆனா நாலு காலால நடங்க."

குச்சியை ஊன்றி நின்றால்
முழங்கை 'ட'னாவாக மடங்க வேண்டும்.
நூற்றைந்து சென்டிமீட்டரில் பூட்டினேன்.
இடது வாரை வலது கையில் மாட்டி
ஒரு நாள் வீணானது.

விடிகாலை ஐந்தே கால்.
கையில் கட்டை என்றால் என்ன அர்த்தமென்று
அயனாவரத்து நாய்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.
ஆறு நாய்கள்.
"அக்கா, அதைக் கீழ போடுங்க!"
பால் பூத்திலிருந்து கலியமூர்த்தி கத்தினான்.
இரண்டையும் கக்கத்தில் குடைபோல் இடுக்கி
திருடியதைத் திருப்பித் தரப் போகிறவளாய்
ரயில்வே மைதானம் சேர்ந்தேன்.

"கால்ல அடியா?"
"ஆபரேஷன் எந்த ஆஸ்பத்திரில?"
"ஒண்ணு போதாதா மேடம்?"
ஒருவர் மட்டும் எதுவும் கேட்காமல்
ஒதுங்கி வழி விட்டார்.
அதுதான் சுட்டது.

வலது காலுக்கு இடது கை.
தவழ்ந்த நாளிலிருந்து செய்வதுதான்;
நினைத்துப் பார்த்த கணத்தில் மறந்துவிட்டது.
வலதுக்கு வலது, இடதுக்கு இடதென்று
நூல் மாறிக் கட்டிய பொம்மையாய்
ஒரு சுற்று வந்தேன்.

பிலோமினா போனில்:
"ஊனாதீங்க, பிடிக்காதீங்க. சும்மா இழுத்துட்டுப் போங்க."
இழுத்தேன்.
சர்ர் சர்ரென்று மண்ணில் இரண்டு கோடு.
மூன்றாம் சுற்றில்
முருங்கைக்காய் விலையை நொந்துகொண்டிருந்தபோது
என்னைக் கேட்காமலே
இடதோடு வலது வந்து சேர்ந்துகொண்டது.

அப்புறம்தான் கஷ்டம்.
முன்னால் நட்டால் அது வெறும் கைத்தடி.
சாய்வாக ஊன்றி, பின்னால் தள்ளி,
இடுப்பைத் தாண்டியதும் விரல்களைத் திறந்துவிட வேண்டும்.
வார் பிடித்துக்கொள்ளும். விழாது. நம்ப வேண்டும்.

கை போகவில்லை.
இடுப்போடு நின்றுவிட்டது.

யோசித்துப் பார்த்தால்
பத்தொன்பது வருடமாக என் கை
முன்னால் மட்டும்தான் போயிருக்கிறது.
கண்ணாடி ஓட்டையில் படிவம் வாங்க,
கீபோர்டு தட்ட, டிக்கெட் நீட்ட, சில்லறை தள்ள.
வீட்டில் அடுப்புக்கு, குழாய்க்கு, கொடிக்கு.
முதுகுக்குப் பின்னால் ஒரு இடம் இருப்பது
உள்பாடிக் கொக்கிக்கு மட்டுமே தெரியும்.

எட்டாம் நாள்,
லோகோ பக்கம் வானம் வெளுக்கத் தொடங்கியபோது,
இடது கையைப் போகவிட்டேன்.
தோளுக்குள் ஒரு துருப்பிடித்த தாழ்ப்பாள்
கிறீச்சிட்டு விலகியது.
விரல்கள் திறந்தன.
உள்ளங்கையில் காற்று பட்டது.

பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை.
முட்டி இன்னும் முணுமுணுக்கிறது.
எடை அரைக் கிலோ ஏறியதைப்
பிலோமினாவிடம் சொல்லவில்லை.
ஐந்து நாய்கள் இப்போது தலைகூடத் தூக்குவதில்லை.
அந்தச் செம்பட்டை மட்டும்
கொள்கையை விடுவதாக இல்லை.

நேற்று பதினோரு மணி, தட்கல் நெரிசல்.
வலது கையால் டிக்கெட்டை நீட்டினேன்.
இடது கை தன்பாட்டுக்கு
நாற்காலிக்குப் பின்னால் போய்
விரல் விரித்து நின்றது.

"மேடம், பாக்கி அம்பது?"

குனிந்து தேடினேன்.
நோட்டுக்கு வார் கிடையாது.